கேதம் சொல்லப் போன மகன்

"ஒங்கப்பாவுக்குச் சொந்த ஊரு எது?"

தாலுகா ஆபீசில் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கேள்வியை அண்ணாதுரையிடம் யாரும் கேட்டதில்லை. கல் குவாரி ஆளிடம் இன்றைக்கு எத்தனை லோடு என்று கேட்பார்கள். எந்த ஊரு, என்ன வகையறா என்று கேட்க யாருக்கு நேரம்?

"பாடாலூர்தாங்க."

"நீ பொறந்த ஊரக் கேக்கலய்யா. ஒங்கப்பா எங்கேருந்து வந்தாரு?"

"அரியலூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க."

"அரியலூர்ப் பக்கம்னா எரநூறு ஊரு இருக்கு." எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "போன வருசம் வரைக்கும் எல்லாம் ஒரே மாவட்டமா இருந்துச்சு. இந்தச் சனவரியோட அரியலூர் தனி மாவட்டமாயிருச்சு. அந்த மாவட்டத்து ஆளுக்கு நான் எத வெச்சுச் சாதிச் சான்று எழுதறது? நீயும் பள்ளிக்கூடம் போவல, ஒங்கப்பாவும் போவல. பொண்ணு படிச்ச பள்ளிக்கூடத்துல வாயால சொன்னத எழுதியிருக்கான், அது இங்க செல்லாது."

அண்ணாதுரைக்குப் பின்னால் மகள் மணிமொழி பிளாஸ்டிக் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பிளஸ் டூ மார்க் லிஸ்ட் இருந்தது. ஆயிரத்து முப்பத்து நாலு. திருச்சியில் அரசாங்க நர்சு படிப்புக்குக் கார்டு வந்திருந்தது. வருகிற திங்கட்கிழமை எல்லா அசலும் கையில் இருக்க வேண்டும். சாதிச் சான்று இல்லையென்றால் பொதுப் பட்டியல், பொதுப் பட்டியல் என்றால் அந்த மார்க்குக்கு இடம் இல்லை.

எழுத்தர் கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். "ஒங்கப்பா வழியில ரத்த சொந்தம் யாராச்சும் இருப்பாங்கள்ல? அவங்க சான்று நகல் ஒண்ணு. அந்த ஊரு வி.ஏ.ஓ. கையெழுத்தோட வம்சாவளி ஒண்ணு, யாருக்கு யாரு புள்ளைன்னு மேலேருந்து கீழ வரைக்கும் எழுதி. வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா, போட்டுத் தரேன்."

அன்று திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாதுரை கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்த அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தான். ராசாங்கத்துக்குப் பங்குனியில் கை கால் இழுத்துக்கொண்டது. வலது பக்கம் மரக்கட்டை. வாய் கோணி, ஆ ஆ என்ற சத்தம் மட்டும் மிச்சம். ஆனால் காது கேட்கும். சொன்னால் விளங்கும்.

மணிமொழி ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். "தாத்தா, திருமானூரா? செந்துறையா? தா.பழூரா? ஆமான்னா கண்ணச் சிமிட்டுங்க தாத்தா. விக்கிரமங்கலமா?"

கிழவர் முதல் பெயரிலேயே கண்ணை மூடிக்கொண்டார். கடைசிப் பெயர் வரை திறக்கவில்லை.

"மாமா, பேத்தி படிக்கணும் மாமா," என்று அண்ணாதுரையின் மனைவி வேம்பு குனிந்து கேட்டாள். மூடிய கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. கண் மட்டும் திறக்கவில்லை.

"வாயி இருந்தப்பவும் சொல்லல இந்த மனுசன்," என்றாள் வேம்பு, எழுந்து முந்தானையை உதறிக்கொண்டே. "நானும் இருவது வருசமாக் கேட்டுட்டேன். எனக்கு யாரும் இல்லம்பாரு. ஆகாசத்துலேருந்தா குதிச்சாரு?"

அண்ணாதுரைக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வந்தார். தெருக்கோடியில் இருக்கும் ஆண்டவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் சொந்தக்காரர்களுக்குக் கேதம் சொல்லப் போகிறவர் அவர்தான். எந்த ஊரில் எந்த வீட்டுக்கு முதலில் சொல்ல வேண்டும், எந்த வீட்டை விட்டுவிட்டால் சண்டை வரும், எவன் பங்காளி, எவன் மாமன் மச்சான், எல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுபத்தைந்து வயதிலும் சைக்கிளை எடுத்தால் எறையூர் வரை மிதிப்பார்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஆண்டவர் சிரித்தார். "இதுக்கா இம்புட்டு மூஞ்சி? ஒங்கம்மா செத்தப்ப மூணாம் நாளு பால் தெளிக்கப் போனோமே, நெனப்பு இருக்கா?"

"இருக்கு மாமா."

"எல்லாரும் அங்க பச்சரிசிதான் வெப்பாங்க. ஒங்கப்பன் வரகு கேட்டான். வரகு இல்லாம பால் ஊத்த மாட்டேன்னு சுடுகாட்டுலயே நின்னுட்டான். இந்த ஊருல எவன் வரகு வெச்சிருக்கான்? நான்தான் அலைஞ்சு ஒரு கை கொண்டாந்தேன்."

"அதுக்கு?"

"அடேய், நாப்பது வருசமா எழவு சொல்லித் திரியறேன். நம்ம ஆளுங்கள்ல பாலுக்கு வரகு வெக்கற வகையறா ஒண்ணே ஒண்ணு. விக்கிரமங்கலத்துல இருக்கு."

அண்ணாதுரைக்குக் கோபம் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே இத்தன வருசம் சொல்லாம இருந்தியா?"

"நீ கேட்டியா? ஒங்கம்மா எழவுக்கே, ஒம்பங்காளி ஊருக்குச் சொல்லிட்டு வரட்டுமாடான்னு ஒங்கப்பன்கிட்டக் கேட்டேன். என் காலப் புடிச்சுக்கிட்டான். சொல்லிராத ஆண்டவருன்னு அழுதான். சொல்லச் சொன்ன எடத்துக்குத்தான் நான் போவ முடியும்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். பெரம்பலூரில் ஒரு பஸ், அரியலூரில் இன்னொரு பஸ். சிமெண்டு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி அந்தப் பஸ் விக்கிரமங்கலம் போய்ச் சேரப் பதினோரு மணி ஆகிவிட்டது. டீக்கடையில் ஆண்டவர் ரெண்டு கேள்விதான் கேட்டார். மூன்றாவது கேள்விக்குள் வீட்டையே காட்டிவிட்டார்கள்.

ஓட்டு வீடு. வாசலில் ஒரு மொபெட். வெளியே வந்தவன் பெயர் அறிவழகன், பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் வாத்தியார். அண்ணாதுரையைவிட ஏழெட்டு வயது சின்னவன். ஆனால் நெற்றியும் மூக்கும் அப்படியே அண்ணாதுரைக்கு இருப்பதுபோல. அண்ணாதுரை கண்ணாடியைப் பார்ப்பதுபோல நின்றான், சுத்தமாகக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்ட கண்ணாடி.

ஆண்டவர் விவரம் சொன்னார். அறிவழகன் பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "எங்கப்பாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்க. செத்துட்டாரு."

"சாவலைங்க, அங்க படுத்துக் கெடக்கறாரு..."

"எங்களப் பொறுத்தமட்டும் செத்துட்டாருன்னு சொல்றேன்."

வீட்டுக்குள் இருமல் கேட்டது. அறிவழகன் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு பாத்தாலே தெரியுது. பெரியப்பா பண்ணையில மாடு மேச்சாரு. இளஞ்சோளத்துல மாட்ட விட்டா என்னாவும்? வயிறு ஊதிச் செத்துரும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். இவரு மரத்தடியில தூங்கிட்டாரு. பண்ணையோட சோடிக் காளை ரெண்டும் சோளத்துல எறங்கிச் செத்துப்போச்சு. பயந்துக்கிட்டு அப்படியே ஓடிட்டாரு. பண்ணையாரு சும்மா இருப்பாரா? அண்ணன் இல்லேன்னா தம்பின்னு எங்கப்பாவ இழுத்துட்டுப் போயிக் கட்டுத்தறியில பண்ணையாளா வெச்சாரு. அப்பாவுக்கு அப்ப ஒம்போது வயசு. வெளிய வரும்போது முப்பது."

அண்ணாதுரை செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றான்.

"அப்பத்தா சாவற வரைக்கும் ராசாங்கம் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே கெடந்துச்சாம். ஒரு கடுதாசி இல்ல. அம்பது மைல்ல இருந்துக்கிட்டு." அறிவழகன் மூச்சு விட்டான். "நீங்க எனக்கு அண்ணன் முறை. ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா எங்கப்பா உசுரோட இருக்கற வரைக்கும் இந்த வீட்டுலேருந்து ஒரு தாளு ஒங்களுக்கு வராதுங்க. போயிட்டு வாங்க."

தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அண்ணாதுரையால் குடித்திருக்க முடியாது.

திரும்பி வருகிற வழியில் பெரம்பலூரில் பஸ் மாறும்போது ஆண்டவர்தான் சொன்னார். "எவ்வளவு பகை இருந்தாலும் பங்காளி எழவுக்கு வராம இருக்க மாட்டான்டா. கல்யாணத்துக்கு வராதவனெல்லாம் எழவுக்கு வருவான். கேதம்னு போயி நின்னா, கதவச் சாத்தறதுக்கு எவனுக்கும் தைரியம் வராது. நான் பாத்ததே இல்ல." அவர் ஏதோ ஆறுதலுக்குச் சொன்னார். அண்ணாதுரையின் மண்டைக்குள் அது வேறு மாதிரி இறங்கியது.

அன்று சாயங்காலம் வேம்பு அதை வாய்விட்டே சொல்லிவிட்டாள். அடுப்பில் சுள்ளியைத் தள்ளிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல். "இந்த மனுசன் போன மாசம் போயிச் சேந்திருந்தா, அந்தச் சனம் வந்திருக்கும். அழுத வாயோட கேட்டிருந்தா இல்லேன்னா சொல்லியிருப்பாங்க?"

"வாய மூடுடி."

"நான் என்ன பொய்யா சொல்றேன்? மூத்திரம் அள்ளறது நானு. எனக்குப் பேச உரிமை இல்லையா? எம்பொண்ணும் அந்த ஜல்லி மெசினுக்குத்தான் போவணுமா? ஒன் நெஞ்சு சத்தம் ஒனக்குக் கேக்கலியா?"

அவன் நெஞ்சில் ஒரு சத்தம் இருந்தது. மூச்சு இழுத்தால் சல்லடையில் மணல் விழுகிற மாதிரிக் கேட்கும். குவாரியில் பதினைந்து வருசம் இருந்த எல்லோருக்கும் அந்தச் சத்தம் உண்டு. அவனோடு வேலைக்குச் சேர்ந்த ஆறு பேரில் மூன்று பேர் இல்லை.

அவன் கொட்டகைக்குப் போய் அப்பாவைப் பார்த்தான். எலும்புக் கூடான மார்பில் விலா ஏறி இறங்கியது. ஏறியது, இறங்கியது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவனுக்குத் திடீரென்று விளங்கியது, தான் எதற்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று. வெளியே ஓடி வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினான்.

புதன்கிழமை காலை ஆண்டவர் வீட்டு வாசலில் போய் நின்றான். சொன்னான். ஆண்டவர் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தார்.

"உசுரோட இருக்கறவனுக்கு இந்த வாயால எழவு சொன்னதில்லடா. சொல்லவும் மாட்டேன். எம்முன்னால நிக்காத, போயிரு."

"மாமா, நாளன்னைக்கு வெள்ளிக்கிழமை மாமா."

"போயிருன்னேன்."

அவன் போனான். வீட்டுக்கு இல்லை, பஸ்சுக்கு. சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் கலைத்துவிட்டுக்கொண்டு. வேம்பு ஒருத்திக்குத்தான் தெரியும். பஸ்சில் அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தான். அப்பா போயிட்டாரு. அப்பா போயிட்டாரு. அரியலூர் தாண்டும்போது அது வெறும் சத்தமாகிவிட்டது.

ஆனால் அறிவழகன் வீட்டு வாசலில் நின்று அதைச் சொன்னதும் உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டு குலுங்கினான். அறிவழகனின் மனைவி மலர்க்கொடி வாயில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உள்ளேயிருந்து ஒரு கிழவர் கம்பு ஊன்றி வந்தார். செல்லமுத்து. அப்பாவின் தம்பி. தோளிரண்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, சின்ன வயதிலிருந்து தூக்கக் கூடாத பாரத்தைத் தூக்கியவனுக்குச் சாய்வதுபோல.

"எப்போ?"

"விடியக்கால."

"கேதம் சொல்ல ஆளு இல்லியா? நீயா வந்த?"

இதை அண்ணாதுரை யோசிக்கவே இல்லை. அப்பன் பிணமாகக் கிடக்கும்போது மூத்த மகன் தலைமாட்டை விட்டு நகரக் கூடாது. ஊரெல்லாம் சொல்ல வேறு ஆள் போவான். எந்தக் காலத்திலும் மகன் தன் அப்பனுக்குக் கேதம் சொல்லி வந்ததில்லை. ஒரு சின்னப் பிள்ளைகூட இந்தப் பொய்யைப் பிடித்துவிடும்.

"ஆளு இல்லைங்க," என்றான். அது ஒன்றுதான் அன்று அவன் சொன்ன உண்மை.

செல்லமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"பெத்த புள்ளயே எழவு சொல்ல வர்ற அளவுக்கு நாதியத்துப் போயிட்டானா?" என்றார், யாரிடமோ கேட்பதுபோல. "ஒரு ஆளுகூடச் சேக்காமலா அங்க கெடந்தான்?" பிறகு கம்பைத் தரையில் தட்டினார். "அறிவு, வேனுக்குச் சொல்லு. மலரு, அடுப்புல தண்ணிய ஊத்து. தெருவுக்குச் சொல்லுங்க."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். காலில் விழுந்து, பொய் சித்தப்பா என்று கதறியிருக்கலாம். அண்ணாதுரை சொல்லவில்லை. அங்கேபோய்ச் சொல்லிக்கொள்ளலாம், கண்ணால் பார்த்தால் மனசு இளகும், மணிமொழியைப் பார்த்தால் இளகும் என்று நினைத்தான். முங்குகிறவன் கையில் எது பட்டாலும் பிடிப்பான்.

வேனில் பதினேழு பேர். மாலை ரெண்டு, மடியில் முடிந்த வாய்க்கரிசி. அண்ணாதுரையைச் செல்லமுத்து தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அரியலூர் தாண்டியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"என்னப் பத்தி எப்பவாச்சும் பேசுவானா?"

"பேசுவாருங்க. எனக்கொரு தம்பி இருக்கான்னு சொல்லுவாரு."

கிழவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணாதுரைக்கு வேனிலிருந்து குதித்துவிடலாம்போல இருந்தது.

பாடாலூரில் வேன் தெருவுக்குள் திரும்பியபோது பகல் மூன்று மணி. பந்தல் இல்லை, பறை இல்லை, வாசலில் ஒரு ஆள் இல்லை. ஆனால் பெண்கள் அதையெல்லாம் பார்க்கவில்லை. வேன் நின்ற வேகத்தில் குதித்து, கூந்தலை அவிழ்த்துவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஓடினார்கள்.

"எங்க ராசாங்க மாமா, எங்கள விட்டு எங்க போன?"

"ஒங்காத்தா காத்தாயி தேடுனாளே, ஒனக்குக் காது கேக்கலியா?"

அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். யாரு செத்தது, யாரு செத்தது என்று ஒரே கூச்சல். முன்னால் ஓடிய மலர்க்கொடிதான் கொட்டகைக்குள் முதலில் நுழைந்தாள். கட்டிலில் விழுந்து மாரடிக்கப் போனவள் அப்படியே பின்வாங்கினாள்.

"ஐயோ, கண்ணு தெறந்திருக்கு! முழிச்சுப் பாக்குது!"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. பின்னால் நின்ற ஒரு கிழவி பயத்தில் சிரித்துவிட்டாள்.

ராசாங்கம் கண்ணை அகலத் திறந்து அத்தனை பேரையும் பார்த்தார். நாற்பத்தேழு வருசத்துக்குப் பிறகு தன் ஆத்தாளின் பெயரை ஒரு பெண் வாயில் கேட்டிருக்கிறார். கோணிய வாயிலிருந்து எச்சில் ஒழுக, ஆ ஆ என்று கத்தினார்.

அறிவழகன் அண்ணாதுரையின் துண்டைப் பிடித்து இழுத்தான். வாத்தியார் பேச்செல்லாம் போய்விட்டது. "ஏன்டா, பொம்பளைங்கள அழுவ வெச்சு வேடிக்க பாக்கறியா? எங்கப்பனக் கொண்டாந்து இங்க நடுத்தெருவுல நிறுத்திட்டியேடா!" கன்னத்தில் ஒரு அறை. இன்னொரு அறை. அண்ணாதுரை தடுக்கவில்லை. மண்ணில் விழுந்து காலைப் பிடித்துக்கொண்டான். "பொண்ணுக்காகப் பண்ணிட்டேன் தம்பி. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தத் தாளு வேணும். அடி, எவ்வளவு வேணும்னாலும் அடி."

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த மணிமொழி தெருவிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பா மண்ணில் கிடந்து என்ன சொல்கிறார் என்பதைத் தெரு முழுக்கக் கேட்டது.

செல்லமுத்து கடைசியாக இறங்கி வந்தார். கூட்டம் வழிவிட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய்க் கம்பை ஊன்றி நின்றார்.

"டேய் ராசாங்கம்."

கட்டிலில் கிடந்தவரின் சத்தம் நின்றது.

"தூங்கிட்டதாச் சொன்னாங்க. நெசமாத் தூங்குனியா?"

ராசாங்கம் இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டினார். அது காற்றில் தடவி, தம்பியின் முழங்காலில் பட்டு, கீழே கீழே இறங்கிப் பாதத்தைத் தொட்டது. அங்கேயே கிடந்தது. செல்லமுத்து கொஞ்ச நேரம் விட்டார். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இருவத்தோரு வருசம்டா," என்றார். அவ்வளவுதான் அவர் அண்ணனிடம் பேசியது.

திரும்பி அண்ணாதுரையைப் பார்த்தார். "எந்திரி. நீ கேட்ட தாளு தரேன்."

"அப்பா..." என்றான் அறிவழகன்.

"நீ சும்மா இரு." அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அடுப்ப அணைச்சுட்டு வந்திருக்கேன். எங்கண்ணன் செத்துட்டான்னு தெருவுக்கே சொல்லிட்டு வந்திருக்கேன். திரும்பப் போயி, பொய்யின்னு சொல்லிச் சிரிப்பா சிரிக்க முடியாது. பால் தெளிக்கறது, பதினாறு, எல்லாம் எங்க ஊருலயே பண்ணிக்கறோம். இவன் இன்னைக்குச் செத்தாச்சு. நாளைக்கு நெசமாச் சாவும்போது எங்களுக்குச் சொல்லக் கூடாது. பங்காளின்னு ஒரு கை மண்ணு அங்கேருந்து வராது. வம்சாவளியிலயும் செத்தவன்னுதான் எழுதணும். சம்மதமா?"

கட்டிலுக்கும் அண்ணாதுரைக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. அப்பாவின் காதுக்கு ஒரு குறையும் இல்லை. அண்ணாதுரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வேம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். சொல்லு, சொல்லு என்றது அவள் கண்.

"சரிங்க சித்தப்பா."

கட்டில் கயிறு ஒருமுறை கிறீச்சிட்டது.

வியாழக்கிழமை விக்கிரமங்கலத்தில் வி.ஏ.ஓ. முன்னால் அறிவழகன்தான் எழுதினான். மணி மணியான எழுத்து. மேலே முத்தன், பக்கத்தில் மனைவி காத்தாயி. தன் தாத்தாவின் பெயர் முத்தன் என்பது அண்ணாதுரைக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன் கீழே இரண்டு கோடு பிரிந்தது.

"மூத்தவரு காலமானவருன்னு போட்டிருக்கீங்க, எப்ப காலமானாரு?" என்று வி.ஏ.ஓ. கேட்டார்.

"அம்பத்து நாலாம் வருசம்," என்றார் செல்லமுத்து.

வி.ஏ.ஓ. கீழே எழுதியிருந்ததைப் பார்த்தார், அண்ணாதுரையைப் பார்த்தார். "இவரு பொறந்தது அம்பத்தெட்டுன்னு இருக்கு. செத்து நாலு வருசம் கழிச்சு எப்படிய்யா புள்ள பெத்தாரு?"

வெளியே நின்ற தலையாரி சிரித்தான். செல்லமுத்து சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப நீயே சொல்லு," என்றார் அண்ணாதுரையிடம்.

"நேத்துங்க," என்றான் அண்ணாதுரை.

நேற்றைய தேதியை அறிவழகன் எழுதினான். இப்படி எழுதியிருப்பது எல்லாம் உண்மை என்று கீழே மகன் கையெழுத்துப் போட வேண்டும். மணிமொழி கற்றுக்கொடுத்த ஐந்து எழுத்தை அவன் ஒவ்வொன்றாக அழுத்திப் போட்டான். சான்று நகலை அறிவழகன் கையில் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்தான். பஸ் ஸ்டாப் வரைக்கும்கூட யாரும் வரவில்லை. வாசலில் செல்லமுத்து ஒன்று சொன்னார்: "ஒம்பொண்ணு நர்சாகி இந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தா, யாரு பேத்தின்னு சொல்லிக்க வேணாம்னு சொல்லிரு."

பொழுது சாயும்போது வீடு வந்து சேர்ந்தான். வேம்பு வாசலிலேயே நின்றாள். "கெடச்சுதா?" அவன் சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மகளிடம் நீட்டினாள்.

நேற்றிலிருந்து மணிமொழி அப்பாவிடம் பேசவில்லை. தாளை வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்காகக் கொட்டகைப் பக்கம் போனாள். கட்டிலில் தாத்தா கிடந்தார். நேற்றிலிருந்து அவர் வாய்க்குள் எதுவும் இறங்கவில்லை. அவருக்கு ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும்போல அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவர் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்.

"தாத்தா, கேளுங்க. முத்தன்."

கிழவர் கண்ணைத் திறந்தார்.

"அவருடைய மனைவி காத்தாயி."

ஆ என்றார் கிழவர். இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டது. தலையைத் தூக்கப் பார்த்தார்.

"இவங்களுக்கு ரெண்டு பையனுங்க. மூத்தவர் ராசாங்கம்..."

விரல் அந்தப் பெயருக்குப் பக்கத்திலிருந்த காலமான தேதியில் நின்றது. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அண்ணாதுரை கொட்டகைக் கால் ஓரமாக நின்றிருந்தான்.

கிழவர் சட்டத்தைத் தட்டினார். தன் பெயர் வந்துவிட்டது, தம்பி பெயர் இன்னும் வரவில்லை. மறுபடியும் தட்டினார். ஆ, ஆ.

"அடுத்ததப் படிம்மா," என்றான் அண்ணாதுரை.